மேசனும் நம்மவர் வாலும்

"ஆங்கிலேயனுக்கு இருக்கலாம்; எனக்கு இருக்கக் கூடாதா?" – அண்மைக் காலமாக நம் செவியில் அடிக்கடி விழும் கேள்வி இது. கேட்பவர் பஞ்சாங்கம் ஏந்திய வைதிகர் அல்லர். கல்லூரியிலே பயின்றவர், கணினியின் முன் அமர்ந்து கை நிறைய ஊதியம் பெறுபவர், பாட்டனார் அறுத்தெறிந்த சாதிப் பட்டத்தைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து, தூசு தட்டி, முகநூலிலே தம் பெயருக்குப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்ட பேரப்பிள்ளை! ஏன் தோழரே இந்த வால் என்று வினவினால், வெட்கம் பிறப்பதில்லை, விளக்கம் பிறக்கிறது. "ஸ்மித் என்றால் கொல்லன், டெய்லர் என்றால் தையற்காரன், மேசன் என்றால் கல்தச்சன். அவனவன் பாட்டன் தொழிலைப் பெயரோடு சுமந்துகொண்டு உலகெலாம் உலவுகிறான். அதைக் குடும்பப் பெயர் என்று மரியாதையோடு எழுதுகிறீர்கள். நான் என் பாட்டன் பட்டத்தைப் போட்டுக்கொண்டால் மட்டும் சாதிவெறி என்கிறீர்கள். வெள்ளையனுக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதியா?"

கேட்டவர் மார்தட்டிக்கொள்கிறார். நம்மவரில் சிலரும், 'அதுதானே!' என்று தலையைச் சொறிகின்றனர். சொறிய வேண்டியதில்லை. கேள்வியைக் கண்டு ஓடுவது பக்தனின் பழக்கம். பகுத்தறிவாளன் கேள்வியைப் பிடித்து உட்கார வைத்து, நீ எந்த ஊர், உன் பிறப்பு வளர்ப்பு என்ன என்று விசாரிப்பான். அவர்கள் சாட்சிக்கு அழைத்து வந்த மேசனையே நாமும் விசாரிப்போம்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். வென்றவர்கள் கோட்டை கட்டினார்கள், பெருந்தேவாலயங்கள் எழுப்பினார்கள். கல் கொத்துவோருக்கு வேலை மிகுந்தது. அவர்களைக் குறித்த பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயன் நாவிலே புரண்டு மேசன் ஆயிற்று. முதலில் அது பெயரன்று, வெறும் அடையாளம். ஓர் ஊரிலே நான்கு ஜான்கள் இருப்பார்கள். கல் கொத்தும் ஜான், குன்றருகே குடியிருக்கும் ஜான், ராபர்ட்டின் மகன் ஜான், குள்ள ஜான். எந்த ஜானிடம் வரி வாங்கினோம், எந்த ஜான் ஏய்த்துவிட்டான் என்று தெரிய வேண்டாமா? 1377, 1379, 1381 என்று மூன்று முறை தலைவரி போட்டார்கள். வரி ஏட்டிலே மேசன், ஹில், ராபர்ட்ஸ், ஷார்ட் என்று நான்கு வகையும் ஏறின. தொழிலால் ஒன்று, இடத்தால் ஒன்று, தந்தையால் ஒன்று, உருவத்தால் ஒன்று. தந்தைக்கு வைத்த அடையாளம் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. 1538-இல் தேவாலயந்தோறும் ஞானமுழுக்கு, மணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று ஆணை பிறந்தது, பெயர் உறைந்தது.

பெயர் உறைந்தது; தொழில் உறையவில்லை! நம் வால் வீரர்கள் விழுங்கிவிடும் செய்தி இதுதான். 1348-இல் வந்த கொள்ளைநோய் அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. ஆள் பஞ்சம் வந்தது, கூலி ஏறியது. பழைய கூலிக்கே உழை, வேறு ஆண்டையைத் தேடிப் போகாதே என்று 1351-இல் சட்டம் போட்டார்கள். சட்டத்தைக் கிடப்பிலே போட்டுவிட்டுப் பாட்டாளி நடந்தான். 1381-இல் தலைவரியை எதிர்த்துக் கிளர்ந்த உழவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவன் வாட் டைலர். டைலர் என்றால் ஓடு வேய்பவன் என்று பொருள். அவனை வெட்டிச் சாய்த்தார்கள். அவனுக்குப் பின்னே எழுந்த கூட்டத்தை என்றைக்குமாகக் கட்டிவைக்க அவர்களால் முடியவில்லை. மேசன் மகன் நெசவு பழகப் போனான். தையற்காரன் மகன் தச்சனிடம் கூலிக்குச் சேர்ந்தான். 'உன் பெயர் மேசன். உளிதான் உனக்கு விதி. உளி பிடித்தவன் மகளைத்தான் நீ மணக்க வேண்டும்' என்று ஏடு காட்டித் தடுக்க அங்கே ஒரு மனு இல்லை. சில தலைமுறைக்குள் சொல் செத்தது. கூடு மட்டும் மிஞ்சியது.

இங்கிலாந்திலே ஏற்றத்தாழ்வே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பிரபு உண்டு, பண்ணையாள் உண்டு, பணத்திமிரும் பரம்பரைத் திமிரும் உண்டு. ஆனால் அவை மேசன் என்ற ஒலியைக் கேட்டவுடன் பந்தியிலே இடத்தை மாற்றிப் போடுவதில்லை. 1979 முதல் 1990 வரை அந்நாட்டுத் தலைமையமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சரின் அரசியலுக்கும் நமக்கும் வெகுதூரம், அது இருக்கட்டும். தாட்சர் என்றால் கூரை வேய்பவர். கணவர் வழியே வந்த பெயர். 'கூரை வேய்கிறவள் கொல்லைப்புறமாக வரட்டும்' என்று அரண்மனைக் காவலன் எவனும் கூறினானா? கோல்ட்ஸ்மித் என்ற ஆசிரியர் நாடகம் எழுதினார், நாவல் எழுதினார். 'பொற்கொல்லனுக்குப் பேனா எதற்கு?' என்று எவராவது பறித்தார்களா?

மேசன் கப்பலும் ஏறினான். 1763-இல் சார்லசு மேசன் என்பவர் டிக்சன் என்னும் துணைவருடன் அமெரிக்கா சென்று, நான்கு ஆண்டுகள் காடும் மலையும் அளந்து, பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் எல்லை வகுத்தார். இந்த மேசன் உளி பிடித்தவர் அல்லர். கிரீனிச் வானாய்வுக் கூடத்திலே விண்மீன்களை அளந்தவர். வேடிக்கை என்னவென்றால், அந்த எல்லையிலே மைலுக்கு ஒன்றாக நட்ட கற்கள் இங்கிலாந்திலிருந்து செதுக்கி வந்தவை. செதுக்கிய கைகளின் பெயர் எவருக்கும் நினைவில் இல்லை. மேசன்-டிக்சன் கோடு என்ற அந்த எல்லை பிற்காலத்தில் அடிமை வைத்த நாட்டுக்கும் வைக்காத நாட்டுக்கும் இடைப்பட்ட கோடாகப் பேசப்பட்டது. இன்னொரு மேசன், வர்சீனியாவின் ஜார்ஜ் மேசன், 1776-இல் மனித உரிமைச் சாசனம் தீட்டினார். எல்லோரும் இயல்பிலே உரிமை உடையோர் என்பது அதன் கருத்து. தீட்டிய கைக்குச் சொந்தமாக அடிமைகளும் இருந்தனர்! எழுத்திலே சமத்துவம், தோட்டத்திலே சங்கிலி. வேதாந்தம் பேசிக்கொண்டே சேரியைத் தள்ளி வைத்த நம்மூர்ப் பெரியவர்களுக்கு இந்த மேசன் நெருங்கிய உறவினர்தான்.

அந்த நாட்டிலே ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேறொரு முகத்தையும் காண்கிறோம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டோரின் சொந்தப் பெயர்கள் அழிந்தன. வழித்தோன்றல்களில் பலர் ஆண்டையின் பெயரைச் சுமந்தனர். சூடு போட்ட தழும்பு போல அது ஒட்டிக்கொண்டது. 1952-இல் சிறையிலிருந்து வெளிவந்த மால்கம் லிட்டில் என்ற இளைஞர் அந்த வாலை வெட்டி எறிந்து, தெரியாத தம் ஆப்பிரிக்கப் பெயரின் இடத்திலே 'எக்ஸ்' என்று ஒரு குறியைப் போட்டுக்கொண்டார். 1964-இல் குத்துச்சண்டை வீரர் காசியஸ் கிளே முகமது அலி ஆனார். 'பெயரிலே என்ன இருக்கிறது' என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள், பெயரிலே சங்கிலி இருந்ததைக் கண்டவர்களிடம் போய்க் கேட்கட்டும். ஆங்கிலப் பெயரே ஆதிக்கத்தின் முத்திரையாக ஒட்டப்பட்டபோது, அதையும் அறுத்தெறிந்த மானமுள்ளோர் இருந்தனர் என்பதை நம் நண்பரின் ஒப்புமை மறைக்கிறது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். ஐரோப்பியப் பெயர்கள் இங்கேயும் கரையிறங்கின. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குள் கல்லறைகள் இருக்கின்றன. வணிகம் செய்ய வந்து மண்ணோடு மண்ணானவர்களின் குடும்பப் பெயர்களும் குலச்சின்னங்களும் அழகழகாகச் செதுக்கப்பட்டுள்ளன. போய்ப் பார்ப்பவர்கள் வியக்கின்றனர். ஆனால் அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னதாக, மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியிலே, ஒரு பாறையிலே நம்மவர் செதுக்கிய பெயர்கள் இருக்கின்றனவே – அவற்றைக் கண்டவர் எத்தனை பேர்? கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் செமகன், திருவொற்றியூர் அபாஜர் என்று பல்லவர் காலத்து எழுத்திலே வரிசையாக நிற்கின்றன. மாமல்லையின் கற்கோயில்களைக் குடைந்த கைகளாக இருக்கலாம் என்று கல்வெட்டு அறிஞர் கருதுகின்றனர். ஒருவர் பெருந்தச்சர், ஒருவர் கொல்லர், ஒருவர் ஒற்றியூர்க்காரர். தொழிலால் ஒன்று, ஊரால் ஒன்று! இங்கிலாந்திலே மேசன் என்ற சொல் பிறப்பதற்கு மூன்று நூறு ஆண்டுகளுக்கு முன்னமே நம் கடற்கரைப் பாறையிலே மேசனும் ஸ்மித்தும் தமிழ் எழுத்திலே தலைநிமிர்ந்து நின்றார்கள் ஐயா!

அதற்கும் முன்னே செல்வோம். சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். தானியம் விற்றவரும் துணி விற்றவரும் பொன் உருக்கியவரும் ஊரோடும் தொழிலோடும் தந்தையோடும் நிற்கின்றனர். எல்லோருக்கும் இறுதியிலே அதே 'ஆர்' மரியாதை. வெண்ணிக் குயத்தியார் என்றொரு பெண்பாற் புலவர், பெயரே மண்பாண்டம் வனைந்த குடியைச் சொல்கிறது, கரிகாலனைப் பாடியவர். குயத்தி பாடிய பாட்டுக்குத் தீட்டுக் கழித்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே, தொழிலைப் பெயரோடு சொல்வதே குற்றம் என்று நாம் வாதாடவில்லை. அந்தப் பெருந்தச்சன் பெயரிலே நமக்கு வெறுப்பில்லை, பெருமைதான் உண்டு.

பெருந்தச்சனுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது? அங்கேதான் மேசன் கதையும் நம் கதையும் பிரிகின்றன. கொங்கு நாட்டிலே ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் தாங்கிய அரசன் அந்நாட்டுக் கம்மாளருக்கு – கல்தச்சர், கொல்லர், தட்டார் முதலியோருக்கு – 'உரிமைகள்' வழங்குகிறான். எவ்வளவு பெரிய உரிமைகள் தெரியுமா? நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலிலே செருப்புப் போடலாம், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்! அரசனுக்கு மாளிகை எழுப்பிய கை, ஆண்டவனுக்குக் கோபுரம் எழுப்பிய கை, தன் குடிசைச் சுவரிலே சாந்து பூச அரசாணைக்குக் காத்திருந்தது. அந்த ஆணை வருவதற்கு முன் எத்தனை தலைமுறை வெறுங்காலோடு நடந்ததோ! பல்லவர் காலத்திலே பாறையிலே பெயர் வெட்டிய பெருந்தச்சனைச் சோழர் காலத்துக்குள் இந்நிலைக்கு இழுத்து வந்தது எது? பிறப்பிலே தொழிலைக் கட்டி, தொழிலிலே தீட்டைக் கட்டி, தீட்டிலே திருமணத்தைக் கட்டி, முடிச்சின்மேலே தெய்வத்தை உட்கார வைத்த வருணாசிரமம்! அங்கே பெயர் கூடாயிற்று. இங்கே பெயர் கூண்டாயிற்று.

பிறகு வெள்ளையன் வந்தான். செங்கற்பட்டுச் சீமையை நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1767 தொடங்கி பார்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு ஊர் ஊராக அளந்தது. நிலம் எவ்வளவு, ஏரி எவ்வளவு என்பதோடு, வீடுகள் எத்தனை, எந்தச் சாதி வீடு எத்தனை என்றும் எழுதிக்கொண்டது. பார்னார்டு என்ற பெயருக்குக் கரடியைப் போன்ற வலிமையுடையோன் என்பது பழம்பொருள். தன் பெயரிலே இருந்த கரடி செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆன ஒரு மனிதர், நம்மவர் பெயரிலே இருந்த சாதியை உயிரோடு பிடித்து ஏட்டிலே அடைத்தார்! ஓலையிலும் வாயிலும் இருந்தது அரசாங்கக் காகிதத்திலே ஏறியது. பின்னர் பத்தாண்டுக்கொரு முறை மக்கள் கணக்கு. வரிசையிலே என்னை மேலே போடு, அவனைக் கீழே போடு என்று மனுக்கள். வெள்ளையரிலும் ஒருவரை நன்றியோடு நினைக்கிறோம். தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இலேயே மெய்ப்பித்தவர், வள்ளுவரைப் போற்றியவர், எல்லிசு. எலியா என்ற யூதப் பெரியாரின் பெயர் கிரேக்கம் சென்று, பிரெஞ்சு நாடு சென்று, இங்கிலாந்திலே எல்லிசு ஆகி, சென்னைக்கு வந்து எல்லீசன் என்று தமிழுடுத்தது. அந்தப் பெயர் எத்தனை நாடு சுற்றினாலும் எந்த நாட்டிலும் எவரும் அதனிடம் கோத்திரம் கேட்கவில்லை.

கூண்டை உடைக்க ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை ஓங்கிய ஊர் செங்கற்பட்டு. 1929 பிப்ரவரி 17, 18 நாட்களிலே முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு அங்கே கூடியது. தந்தை பெரியார் தம் பெயரிலிருந்த 'நாயக்கர்' என்ற பட்டத்தை 1927-இன் இறுதியிலேயே 'குடி அரசு' ஏட்டின் முகப்பிலிருந்து நீக்கிவிட்டிருந்தார். ஊருக்கு உபதேசம் சொல்லுமுன் தம் வாலைத் தாமே அறுத்த தலைவர்! மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சவுந்தரபாண்டியன். அவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்த நாளின் கனம் விளங்கும்.

அவர் பிறந்த சமூகம் 'நாடார்' என்ற பட்டத்தைப் பிறவியிலேயே தாலாட்டோடு பெற்றதன்று. அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலாடை அணிவதற்கே திருவிதாங்கூரிலே 1859 வரை போராட வேண்டியிருந்தது. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தார்கள், வழக்கு வந்தது, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறி, 1908-இல் தோற்றார்கள். 1899-இல் சிவகாசியிலே குருதி ஓடியது. இழிபெயர் நீங்கி நாடார் என்று அரசாங்கக் கணக்கிலே ஏறியது 1921-இல். எட்டே ஆண்டுகள் கழித்து, அத்தனை குருதியும் கண்ணீரும் சிந்திப் பெற்ற அந்தப் பட்டத்தை, செங்கற்பட்டு மேடையிலே நின்று, எனக்கு வேண்டாம் என்று கழற்றி வைத்தார் ஒருவர்! பரம்பரைச் சொத்தைத் துறப்பவனைக் கூடக் கண்டிருக்கிறோம். வென்றெடுத்த வாளைக் கீழே வைப்பவனைக் காண்பது அரிது. சிவகங்கை இராமச்சந்திரன் 'சேர்வை'யை உதறினார். இன்னும் பலர் உதறினர். சாதி வகுப்பைக் காட்டும் பட்டங்களைப் பெயரோடு சேர்க்கக் கூடாது, சமயக் குறிகளையும் அணியக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது.

அந்தத் தீர்மானம் தனியாக வரவில்லை என்பதை இளைய தோழர்கள் நெஞ்சிலே நிறுத்த வேண்டும். அதே மாநாட்டில்தான் பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டும், பதினாறு வயதுக்கு மேலேதான் பெண்ணுக்கு மணம் வேண்டும், விருப்பமில்லா மணத்தை விலக்கும் உரிமை வேண்டும், கைம்பெண் மறுமணம் வேண்டும் என்ற தீர்மானங்களும் வந்தன. பெயரையும் பெண்ணுரிமையையும் ஒரே மேடையிலே ஏன் வைத்தார்கள்? சாதி வாழ்வது வாலிலே அன்று, மணவறையிலே. வாலை அறுத்துவிட்டு மணவறையை விட்டுவைத்தால், வால் மீண்டும் முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சவுந்தரபாண்டியன் பட்டத்தைக் கழற்றியதோடு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடவும் இல்லை. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று உத்தரவிட்டவர் அவர். சென்னையிலே பாண்டி பஜாரில் புடவை வாங்கும் கூட்டத்துக்கு, அந்தப் பாண்டி இவர்தான் என்பது தெரியாது.

'மொழி கடந்த நாடுகளிலே எங்கள் பட்டம் வெறும் குடும்பப் பெயர்தானே?' என்று இன்னொரு கணை தொடுப்பார்கள். உண்மையே, அந்தக் கதையையும் முழுதாகச் சொல்வோம். 1860 நவம்பரிலே சென்னையிலிருந்து 'டிரூரோ' என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகம் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சம் பேர் அவ்வாறு சென்றனர். கப்பல் பதிவேடுகளிலே செங்கற்பட்டு ஜில்லா என்ற குறிப்பும் காணப்படுகிறது. அங்கே முதலி மூட்லி ஆனார், கவுண்டர் கவெண்டர் ஆனார், பிள்ளையும் படையாச்சியும் நாயுடுவும் வெள்ளைக்கார எழுத்தனின் கைக்கேற்ப உருமாறினர். ஒரே கொட்டடி, ஒரே உலை, ஒரே சவுக்கு, பெண்களோ சிலர். யார் வீட்டிலே யார் பெண் எடுப்பது என்று பார்க்க இயலாத நிலையிலே சாதி பெருமளவு நொறுங்கியது. பெயர் மட்டும் மேசனைப் போலக் கூடாக மிஞ்சியது. டர்பனிலே பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளையின் பெயரிலுள்ள பிள்ளையைக் கண்டு நாம் முகம் சுளிப்பதில்லை. ஏனென்றால் அங்கே வாலிலே நஞ்சு வற்றிவிட்டது. நம்மூர் வால் வீரரிடம் நாம் கேட்பது ஒன்றே: அவர்களைப் போல முதலிலே கலந்து மணம் புரிந்துவிட்டு வாருங்கள், பிறகு எந்தப் பட்டத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்! 2011-12-இல் எடுத்த இந்திய மானுட மேம்பாட்டு ஆய்வு என்ன கூறுகிறது? இந்நாட்டுத் திருமணங்களில் சாதி கடந்தவை நூற்றுக்கு ஐந்து அளவே. மற்றத் தொண்ணூற்றைந்திலும் வால் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மீறியவர்களுக்கு என்ன பரிசு? 2016 மார்ச்சிலே உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பலர் பார்க்க, சாதி கடந்து மணந்த இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். தாட்சரை மணந்ததற்காக எந்த ராபர்ட்ஸ் வீட்டார் அரிவாள் தூக்கினார்கள்?

விமான நிலையத்திலே இடர்ப்பாடு என்று முனகுவோரும் உண்டு. கடவுச்சீட்டிலே குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் அயல்நாட்டு அலுவலர் விழிக்கிறார். 2022 நவம்பரிலே ஐக்கிய அரபு நாடுகள் ஒற்றைப் பெயரோடு சுற்றுலாவுக்கு வருவோருக்கு அனுமதியில்லை என்று அறிவித்ததும் உண்மை. அந்தக் கட்டத்திலே தந்தை பெயரையோ தாய் பெயரையோ எழுதினால் தீர்ந்தது. கட்டம் கேட்பது ஒரு பெயரை; சாதியை அன்று. டொரண்டோவிலும் இலண்டனிலும் தமிழரின் தந்தை பெயர்கள் குடும்பப் பெயர்களாக ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. சாதியையே சுமந்து சென்றவர்கள் சென்ற இடத்திலும் என்ன விதைத்தார்கள் என்பதற்கு, சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து 2023-இல் சட்டம் இயற்ற வேண்டிய நிலைக்கு வந்த சியாட்டில் நகரம் சாட்சி.

'வால் வேண்டாம் என்பவர்கள் சாதிச் சான்றிதழ் மட்டும் கேட்பானேன்?' – இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனெனில் இதைக் கேட்காத வாயில்லை. காயத்துக்கு மருந்திட வந்த மருத்துவர், எங்கே வெட்டு, எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பு வெட்டியவனின் வீரப்பதக்கத்துக்குச் சமம் ஆகுமா? சான்றிதழ் பெட்டிக்குள் இருக்கிறது. கல்லூரியிலும் வேலையிலும் பங்கு கேட்கும்போது மட்டும் வெளியே வருகிறது. வாலோ தெருவெல்லாம் ஆடுகிறது. அதே பூஞ்சேரியைப் பாருங்கள். 2021 அக்டோபரிலே அவ்வூர் நரிக்குறவர் இனத்துப் பெண்ணொருவர், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டப்பட்டார். நாடே அவர் குமுறலைக் கேட்டது. அமைச்சர் வந்து அதே பந்தியிலே அவரோடு அமர்ந்து உண்டார். நவம்பரிலே முதலமைச்சர் பூஞ்சேரிக்கே சென்று மனைப்பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். அந்தப் பெண்ணின் பெயருக்குப் பின்னே எந்தப் பட்டமும் இல்லை. பட்டம் உள்ளவர்கள் உட்கார்ந்திருந்த பந்தி அது! தச்சனும் கொல்லனும் பெயர் வெட்டிய பாறைக்கு அருகிலேயே, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும், ஒரு பிடி சோற்றுக்கு முன்னே பிறப்பைக் கேட்டிருக்கிறார்கள்.

பள்ளிகளிலே பாடம் நடத்தும் நமக்கு வருகைப் பதிவேட்டிலே வால் தென்படுவதில்லை. 1929-இன் வெற்றி அது. மாணவன் பெயர், முன்னே ஓர் எழுத்து, அவ்வளவே. ஆனால் மணிக்கட்டைப் பார்த்தால் கயிறு, கயிற்றிலே நிறம், நிறத்திலே சாதி! பெயரிலிருந்து துரத்தப்பட்டது கைக்குத் தாவியிருக்கிறது. 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியில் ஒரு மாணவன் தன் வீட்டிலேயே உடன் பயின்றோரால் வெட்டப்பட்டான்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனிலே அறிக்கை தந்தது. கயிறுகளைத் தடை செய்க, பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிச் சொற்களை நீக்குக என்றது. 2025 அக்டோபரிலே ஊர், தெரு, நீர்நிலைப் பெயர்களிலிருந்து சாதியை அகற்றத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது, வரவேற்றோம். அதே மாதத்திலே கோவையின் பெரிய மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. பெயருக்குரியவர் அறிவியல் வித்தகர், பெரியாரின் நண்பர். அவருக்குச் சிறப்புச் செய்ததிலே நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பலகையிலே வாலை நிறுத்தாமல் அந்தப் பெருமகனுக்குச் சிறப்புச் செய்ய வழி இல்லையா என்று கேட்பதற்கு, நம்மவர் ஆட்சி என்பதற்காக நாம் வாய் மூடியிருக்க முடியாது. சவுந்தரபாண்டியனார் பெயர் வாலின்றியே ஓர் அங்காடி முழுதும் நிற்கிறதே!

2029 பிப்ரவரி 17-இல் செங்கற்பட்டு மாநாட்டுக்கு நூறாண்டு நிறைகிறது. விழா எடுப்பார்கள், பந்தல் போடுவார்கள், பேசுவார்கள். அதற்கு முன் இம்மாவட்டத்து இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. சிற்பம் பயில மாமல்லபுரம் வரும் மாணவர்களைப் பூஞ்சேரிப் பாறைக்கு அழைத்துச் சென்று அந்தப் பெயர்களைப் படித்துக் காட்டுங்கள். திருக்கழுக்குன்றத்திலும் மதுராந்தகத்திலும் செங்கற்பட்டிலும் கல்யாண மண்டபங்களின் முன் நிற்கும் பெரிய பெரிய பதாகைகளைக் கணக்கெடுங்கள்; வால் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று மாதந்தோறும் எழுதி நம் ஏட்டுக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டு மணவிழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடக் கொடுக்கும்போது, மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் பின்னே எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். "தாத்தா பெயருக்குப் பின்னே மட்டுமாவது போடலாமே, பெரியவர் வருந்துவார்" என்று உறவினர் இழுப்பார்கள். தாத்தா 1929-க்குப் பின் பிறந்தவர்தானே என்று கேளுங்கள்.